வெள்ளத்தில் நின்ற ஆம்னி வேனும் துருவோடு நான் பட்ட பாடும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென் மாவட்டக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே பல நாள் ஆனது. வீட்டு வாசலில் நின்ற எங்கள் 2009 மாடல் மாருதி ஆம்னிக்குள் கதவுப்படியைத் தாண்டித் தண்ணீர் ஏறிவிட்டது. வெறும் மழைத் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. சாக்கடை, உப்பளம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர் அது. மெக்கானிக் வந்து ஆயில் மாற்றி, பிளக்கைத் துடைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்தார். எஞ்சின் ஓடியதும் வண்டி பிழைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உண்மையான சேதம் வண்டித் தரையில் விரித்திருக்கும் மேட்டுக்கு (mat) அடியில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் முதலில் சொல்ல நினைப்பது இதுதான்: எஞ்சினைப் பார்க்கும் அன்றே சீட்டைக் கழற்றி, மேட்டையும் அதற்கு அடியில் இருக்கும் கம்பளி மாதிரியான ஃபெல்ட்டையும் உரித்து வெளியே போட்டுவிடுங்கள். எனக்கு இதை அன்று சொல்ல ஆள் இல்லை.

பங்குனி வெயிலிலும் வண்டிக்குள் ஈர நாற்றம் போகவில்லை. ஒருநாள் அம்மா ஏறும்போது கால் வைத்த இடம் உள்ளே அமுங்கியது. மேட்டைத் தூக்கிப் பார்த்தால் ஃபெல்ட் மூன்று மாதமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கையால் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் ஒழுகுகிறது. அதற்குக் கீழே ஃப்ளோர் தகடு பல இடங்களில் ஏடு ஏடாகக் கிளம்பியிருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது.

விற்றுவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் முடியாது. தள்ளுகதவைத் திறந்தால் தாழ்வான படியில் கால் வைத்துத் தானே ஏறி உட்காரக்கூடிய வண்டி இது ஒன்றுதான். 1984இல் மாருதி வேன் என்று வந்து பிறகு ஆம்னி ஆன இந்த வண்டியின் உற்பத்தியும் 2019இல் நின்றுபோனது. இந்த வசதியோடு இந்த விலையில் இன்னொன்று கிடையாது. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 15 வருடம் முடிந்து ஜூலையில் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். ஓட்டை விழுந்த ஃப்ளோரோடு அங்கே போய் நிற்க முடியாது.

முதலில் காட்டிய டிங்கரிங் கடையில் ஃப்ளோர் முழுவதும் மாற்றி, பெயிண்ட்டோடு சேர்த்து 45,000 ரூபாய் கேட்டார்கள். பழைய வண்டி வியாபாரி ஒருவர் மொத்த வண்டியையே 30,000-க்குக் கேட்டார். இன்னொரு கடையில், “அண்ணாச்சி, பழைய தகட்டு மேலயே புதுத் தகடு வச்சு ரிவெட் அடிச்சு, அடியில தார் பூசித் தாரேன். எட்டாயிரம் குடுங்க, ரெண்டு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்” என்றார் கடைக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆம்னிக்கு லாரி, ஜீப் மாதிரித் தனியாக சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. ஃப்ளோர், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, பக்கவாட்டுத் தகடு எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங்கில் சேர்ந்துதான் வண்டிக்குப் பலமே. துருப்பிடித்த தகட்டின் மேல் தகடு அடித்தால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு புதுத் தகட்டையும் சேர்த்து அரிக்கும். ஆகவே கழற்றுவது, சுரண்டுவது, பூசுவது எல்லாவற்றையும் நானே செய்வது, வெல்டிங்குக்கு மட்டும் ஆள் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். கிரைண்டர் பிடித்த பழக்கம் எனக்கு உண்டு. வண்டி வேலை இதுதான் முதல் தடவை.

வெளியே தெரியும் துருவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து, பெயிண்ட் கீறாமல் இருக்கத் துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, படி ஓரம் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே காந்தம் பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே உள்ளே இருப்பது தகடு அல்ல, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி (putty). இடது பின்சக்கரத்துக்கு மேலே என் வண்டியில் காந்தம் ஒட்டவே இல்லை. உளியை வைத்துத் தட்டினேன். விரல் தடிமனுக்குப் பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் கொசுவலைத் துண்டு, அதற்கும் பின்னால் திணித்து வைத்த பழைய துணி. அந்தத் துணி இன்னும் ஈரமாக இருந்தது. தகடு அங்கே இல்லவே இல்லை. 2016இல் செகண்ட் ஹேண்டாக நாங்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ செய்து பளபளவென்று பெயிண்ட் அடித்து மூடிய வேலை. எட்டு வருடமாக அதை நான் துடைத்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

காந்தத்துக்கு அப்புறம் ஸ்க்ரூ டிரைவர். கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு ‘டங்’ என்று கேட்கும், அரித்த தகடு ‘தொப்’ என்று கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்திக் குத்துங்கள். வண்டிக்கு அடியில் இதைச் செய்யும்போது வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும். துருப்பிடித்த வண்டியில் இன்னொரு ஆபத்து, ஜாக்கி வைக்கும் இடமே அரித்துப்போயிருக்கும். என் வண்டியில் ஒரு பக்கம் ஜாக்கியின் தலை தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. நல்லவேளை, அப்போது அடியில் நான் இல்லை. ஸ்டாண்டை எப்போதும் பின் அச்சு மாதிரிக் கெட்டியான பாகத்தின் கீழ் வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும்.

சைடு மூடிய கண்ணாடி வாங்குங்கள். நான் கண்ணாடி போட்டுத்தான் வேலை செய்தேன். மல்லாந்து படுத்துக் கம்பி பிரஷ்ஷை ஓட்டும்போது ஓர இடைவெளி வழியாக ஒரு துருத் தூள் கண்ணுக்குள் போய்விட்டது. இரவெல்லாம் கண் எரிச்சல், மறுநாள் கண் ஆஸ்பத்திரி. இரும்புத் தூள் கருவிழியில் ஒட்டினால் அதைச் சுற்றித் துரு வளையம் பிடித்துவிடும், அதையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மருந்தோடு 2,000 ரூபாய், ஒரு வாரம் வேலை கிடையாது. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினால் அதன் கம்பிகளும் பிய்த்துக்கொண்டு பறக்கும். முகம் முழுக்க மூடும் ஷீல்டும் மாஸ்க்கும் சேர்த்து 600 ரூபாய்தான் ஆனது.

இனி முக்கியமான விஷயம். துருவை எடுப்பதைவிடத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, வந்த தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய வேலை. அதை விட்டுவிட்டு என்ன விலைக்குப் பெயிண்ட் அடித்தாலும் வீண். வெள்ளம் ஒரு தடவை வந்தது. ஆனால் என் வண்டியில் சில இடங்களில் இருந்த துரு பல வருடப் பழசு. வேறு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருந்திருக்கிறது. உதவிக்கு ஆள் இல்லாததால் நான் செய்த வழி இது. உள்ளே தகட்டை நன்றாகக் காயவிட்டு முகப்பவுடரைத் தூவினேன். பிறகு வெளியே ஓஸ் பைப்பால், கீழிருந்து மேலாக, ஒரு நேரத்துக்கு ஒரு பகுதியில் மட்டும் தண்ணீர் விட்டேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்து பார்த்தால் பவுடரில் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் மூலையில் வெடித்திருந்தது. அங்கிருந்து இறங்கிய தண்ணீர் கால் வைக்கும் இடத்தில் தேங்கியிருக்கிறது. புது பீடிங், மாட்டுக்கூலி சேர்த்து 1,200 ரூபாய். இப்படி ஒழுகும் இடத்தில் பாத்ரூமுக்குப் பூசும் சிலிகானை அப்பாதீர்கள். வினிகர் வாசம் அடிக்கும் ரகம் தகட்டை இன்னும் வேகமாக அரிக்கும்.

தண்ணீர் வெளியே போகும் வழி இதைவிட மோசமாக இருந்தது. கதவுகளின் அடி விளிம்பிலும், படிக்குக் கீழே ஓடும் பெட்டியிலும் கம்பெனியே சிறு சிறு வடிகால் துளைகள் விட்டிருக்கும். முன்பு யாரோ அடியில் தார் பூசியபோது அத்தனையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். மழைத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. ஒரு துளையைக் கம்பியால் குத்தித் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் நிற்காமல் ஒழுகியது. தள்ளுகதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்தில் மணலும் கிரீஸும் சேர்ந்து சேறாகி இறுகியிருந்தது. ஆம்னி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு இடத்தையும் இன்றே போய்ப் பாருங்கள். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும்.

துருவைச் சுரண்டிய பிறகு நேராக, பெயிண்ட்டுக்கு முன் பூசும் பிரைமருக்குப் போகக் கூடாது. கடலோர ஊர்களில், அதுவும் வெள்ளத்தில் நின்ற வண்டியில், துருவின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை பெயிண்ட்டுக்கு அடியில் அரிப்பு நிற்காது, சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். ஆகவே நல்ல தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி கழுவ வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசிய கணக்குத்தான். நான் மாநகராட்சி குடிதண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் கழுவினேன். கேன் தண்ணீர் வாங்கினாலும் தப்பில்லை. கழுவிய தகட்டை அன்றே காயவைத்து அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் கடல்காற்றில் மறுபடி செம்மண் நிறம் படர்ந்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, இந்த வேலைக்கு நல்ல காலம். புழுதி மட்டும் தாங்காது. காலையில் காற்று எழும்புவதற்கு முன் பூசிவிட்டுத் தார்ப்பாயைக் கட்டிவிடுவேன்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று பாட்டிலில் விற்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். தகட்டோடு ஒட்டிய மெல்லிய துருவை அது கறுப்பாக்கி நிலைப்படுத்தும். ஏடாகக் கிளம்பிய துருவில் அது உள்ளே இறங்காது, மேல்புறம் மட்டும் கறுக்கும். முதலில் சுரண்டல், கடைசியில் குழிகளில் மிஞ்சியதற்கு மட்டும் கன்வெர்ட்டர். கையுறை கட்டாயம். அப்புறம் ரெட் ஆக்சைடு. ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் இந்த பிரைமரை மட்டும் அடித்து விட்டுவிட்டால் அது ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயிண்ட் இருந்தால்தான் பயன். வண்டி அடிப்பகுதிக்கு இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்ஸி பிரைமர்தான் நல்லது. விலை கூடுதல், கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கன்வெர்ட்டர், எப்பாக்ஸி, இணைப்புகளில் பூசும் சீலர், தின்னர் எல்லாம் சேர்த்து எனக்கு 4,800 ரூபாய் ஆனது.

வெல்டிங்குக்கு ஆள் பிடிப்பதில்தான் அதிகம் அலைந்தேன். கேட், கிரில் செய்பவர்கள் வைத்திருக்கும் ஆர்க் வெல்டிங்கில் வண்டித் தகட்டைத் தொட்டால் தகடு உருகி ஓட்டை பெரிதாகும். முதலில் வந்தவர் ஒரு சின்ன ஓட்டையை உள்ளங்கை அளவுக்கு ஆக்கிவிட்டு, கூலியும் வாங்கிக்கொண்டு போனார். வண்டி பாடிக்கு, கரியமில வாயுவைப் பாய்ச்சிக்கொண்டே மெல்லிய கம்பியால் பற்றவைக்கும் சி.ஓ.2 வெல்டிங் வேண்டும். அந்த மெஷினோடு வீட்டுக்கு வரச் சம்மதித்த ஒருவரை ரொம்பத் தேடித்தான் பிடித்தேன். அவர் வருவதற்கு முன் பேட்டர்னை நானே தயார் செய்துவிட்டேன். அரித்த பகுதியை, பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, காலண்டர் அட்டையை அந்த இடத்தில் வைத்து வரைந்து, வளைவுக்கு ஏற்ப மடித்துப் பார்த்து, அதே அளவில் 20 கேஜ் தடிமன் தகட்டில் வெட்டிக்கொண்டேன். தகடு 1,400 ரூபாய். ஜி.ஐ. ஷீட் வாங்கினால் வெல்டிங் செய்யும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சை முதலிலேயே தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சலே வரும். தகடுகள் தயாராக இருந்ததால் வெல்டிங் செய்தவருக்கு நேரம் மிச்சம், எனக்குக் கூலி மிச்சம். எல்லாம் சேர்த்து 6,500-இல் முடிந்தது. ஒரே கோடாக ஓட்டாமல், இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்தார். அப்படிச் செய்தால்தான் சூட்டில் தகடு நெளியாது.

வெல்டிங் அன்று பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்) என்றால் கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டரையும் உருவிவிடுங்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால் டேங்கையே இறக்கித் தூரமாக வைக்க வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டோம் என்று காலி டேங்கை அங்கேயே விடக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் பிடித்து வெடிக்கும். வெல்டிங் முடிந்து போன பிறகும் ஒரு மணி நேரம் வண்டிப் பக்கத்திலேயே ஈரச் சாக்கோடு உட்கார்ந்திருந்தேன். உள்கூரைத் துணி ஓரத்தில் ஒரு இடத்தில் புகைந்தது, உடனே அணைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று இல்லை. பின்சக்கரத்துப் பக்கம் பிரேக் பைப் துருவேறிப் புடைத்திருந்தது. அதை மெக்கானிக்கிடம் விட்டு மாற்றி, பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்து, ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். 900 ரூபாய் வேலை, ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. பின்னால் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் ஏறும் இடம், இந்த மூன்றிலும் தகடு அரித்திருந்தால் வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. அந்த நிலையில் அந்தப் பணத்தை வண்டியில் போடாமல், மனதைத் தேற்றிக்கொண்டு கழிவுக்குக் கொடுத்துவிடுவதே சரி. அந்த மூன்று இடமும் என் வண்டியில் கெட்டியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பணம் போட்டேன்.

துருப்பிடித்த போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, முதலில் சற்று இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். நேராகக் கழற்றப் போனால் தலை முறிந்து கையோடு வரும். கடைசியில் அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசச் சொல்வார்கள், பூசாதீர்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிக் கெட்டுவிடும், பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பெட்டிகளுக்கு உள்ளே அடிக்க மெழுகு ஸ்பிரே, நீண்ட குழாயோடு கிடைக்கிறது. வடிகால் துளை வழியாகவே குழாயை விட்டு அடிக்கலாம். அடித்த பிறகு துளை அடைபடாமல் கம்பியால் ஒரு தடவை குத்திவிடுங்கள்.

வெளிப்பக்கம் பெயிண்ட் 7,000, புது மேட்டும் உள் விரிப்பும் 2,800. சாப்பாடு, அலைச்சலைச் சேர்க்காமல் வேலைக்கு மட்டும் 27,000-க்கு மேல் போனது. இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி இல்லாமல் அம்மாவை பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போன செலவு தனியாக 6,000. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் இருந்து கார்களுக்கு 600-இல் இருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது, அதோடு பசுமை வரியும் உண்டு. கடையில் கேட்ட 45,000-ஐப் பார்த்தால் பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டேன், என் உழைப்புக்குக் கூலி போட்டால் மிச்சமே இல்லை. ஆனாலும் மறுபடி இந்த நிலை வந்தால் இப்படித்தான் செய்வேன். எந்த இடத்தில் என்ன தகடு இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன பூசியிருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

ஜூலையில் ஆர்.டி.ஓ. ஆபீசில் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்த வருட ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வண்டி வெளியில்தான் நின்றது. மேட்டை ஒட்டாமல் வெறுமனே விரித்திருப்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தூக்கிப் பார்க்க முடிகிறது. தள்ளுகதவின் தண்டவாளப் பக்கம் ஒரு வெல்டிங் ஓரத்தில் மட்டும் லேசாகச் செம்மை தட்டியிருந்தது. சுரண்டி, கழுவி, எப்பாக்ஸி பூசியிருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அந்த இடத்தில் சீலரையும் ஒரு கை புதுப்பிக்க வேண்டும்.